எச்.பைலோரி சிகிச்சை பலித்ததா? ரத்தப் பரிசோதனையை நம்பாமல் உறுதிசெய்யும் முறை

வயிற்றுப் புண்ணுக்கும் இரைப்பை அழற்சிக்கும் காரணமான எச்.பைலோரி என்னும் பாக்டீரியாவை ஒழிக்க இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டு முடித்தவர்கள், கிருமி உண்மையிலேயே போய்விட்டதா என்று உறுதிசெய்துகொள்வது அவசியம். ஆனால் அதற்காக ரத்தம் கொடுப்பதால் பயனில்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டைச் சுற்றியும் வண்ணார்பேட்டையிலும் வரிசையாக இருக்கும் லேப்களில் ஒன்றுக்குப் போய், டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமல் ‘எச்.பைலோரி டெஸ்ட் பார்க்கணும்’ என்று மட்டும் சொன்னால், கையை நீட்டச் சொல்லி ரத்தம் எடுத்துவிட வாய்ப்பு அதிகம். மறுநாள் வரும் ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று இருப்பதைக் கண்டு, தின்ற மாத்திரையெல்லாம் வீண் என்று மனம் உடைந்து, அதே மாத்திரையை இன்னொரு முறை வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கிருமியே இல்லாத வயிற்றுக்கு இரண்டாவது முறை ஆன்டிபயாடிக் கொடுப்பதில் நன்மை ஒன்றுமில்லை, கெடுதல் உண்டு.

ரத்தப் பரிசோதனை ஏன் உதவாது என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும். அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய ஐஜிஜி என்னும் எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) ரத்தத்தில் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது. கிருமி முற்றிலும் ஒழிந்த பிறகும் அந்தப் புரதம் மாதக்கணக்கில், பலருக்கு வருடக்கணக்கில், ரத்தத்தில் இருந்துகொண்டேயிருக்கும். 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்த பெருவெள்ளம் வடிந்த பிறகும் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருந்ததே, அதைப் போன்றதுதான் இது: வெள்ளம் வந்தது என்பதற்கு அந்தக் கோடு சாட்சி, இன்றைக்கு வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறதா என்பதற்கு அது சாட்சியாகாது.

ஐஜிஜிக்குப் பதிலாக ஐஜிஎம், ஐஜிஏ ஆகிய வேறு வகை எதிர்ப்புப் புரதங்களைப் பார்த்தால் சரியாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அவையும் சிகிச்சையின் பலனை அறிய உதவமாட்டா. சிகிச்சைக்கு முன்பு எடுத்த ஐஜிஜி அளவையும், சிகிச்சை முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு எடுத்த அளவையும் ஒப்பிட்டு, ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தால் கிருமி ஒழிந்திருக்கலாம் என்று கணிக்கும் ஒரு முறை ஆராய்ச்சிகளில் உண்டு. ஆனால் அதற்கு இரண்டு மாதிரிகளையும் ஒரே வகைப் பரிசோதனைக் கிட்டில், முடிந்தால் ஒரே நேரத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். முதல் மாதிரியை அத்தனை மாதம் உறைநிலையில் காத்து வைத்திருக்கவும் வேண்டும். ஜூனில் அம்பாசமுத்திரத்தில் ஒரு லேப், டிசம்பரில் வள்ளியூரில் வேறொரு லேப் என்று எடுத்த இரண்டு எண்களை அருகருகே வைத்து, ‘குறைந்திருக்கிறது, கூடியிருக்கிறது’ என்று முடிவு கட்டுவதில் பொருளே இல்லை. ஒவ்வொரு கிட்டுக்கும் அலகு வேறு, எல்லை எண் வேறு.

ரத்தப் பரிசோதனைக்கு எங்குமே இடமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இதுவரை சிகிச்சையே எடுக்காத ஒருவருக்குக் கிருமித் தொற்று உண்டா என்று அறியவும், குறிப்பாகப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருப்பதால் மற்றப் பரிசோதனைகள் தப்பாக ‘இல்லை’ என்று காட்டக்கூடிய நிலையிலும், மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துவதுண்டு. ஒருமுறை சிகிச்சை எடுத்தவருக்கு மட்டும் அதன் ‘பாசிட்டிவ்’ எதையும் சொல்லாது.

உறுதிசெய்ய வேண்டியது ஏன்

‘வலி நின்றுவிட்டது, பசி எடுக்கிறது, இனி எதற்குப் பரிசோதனை?’ என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்று உண்டு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையே வலியை நிறுத்திவிடும். கிருமி பாட்டுக்கு உள்ளே இருக்கும். மறுபுறம், கிருமி போன பிறகும் நெஞ்செரிச்சலும் வயிற்று உப்புசமும் சிலருக்குத் தொடரும், ஏனென்றால் அவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆகவே உடம்பு எப்படி இருக்கிறது என்பதை வைத்து இரண்டு பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

காரக்குழம்பும் மிளகாய்ப் பொடியும்தான் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்று நம் வீடுகளில் இன்றும் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் இந்தக் கிருமியை வளர்த்தெடுத்துக் காட்டும் வரை மருத்துவ உலகமே காரத்தையும் கவலையையும்தான் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. புண்ணோடு விஷயம் நின்றுவிடுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் இந்தத் தொற்றைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது. இந்தியாவில் கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளுக்கு இந்தக் கிருமியின் எதிர்ப்புத் திறன் பரவலாக இருப்பதால், மாத்திரையை ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டவருக்கும் சிகிச்சை தோற்றுப்போக வாய்ப்புண்டு. சிகிச்சை பெற்ற எல்லோருக்கும் உறுதிப் பரிசோதனை வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வது இதனால்தான்.

நாள் குறிப்பது

பரிசோதனை எது என்பதைவிட எப்போது என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. இரண்டு கணக்குகளை மனத்தில் வைக்க வேண்டும். ஆன்டிபயாடிக் மருந்தும் பிஸ்மத் மருந்தும் முடிந்து குறைந்தது நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரேபிபிரசோல், எசோமெபிரசோல் என்று ‘பிரசோல்’ என முடியும் அமிலத் தடுப்பு மாத்திரைகளையும், புதிதாக வந்திருக்கும் வோனோபிரசானையும் நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். இந்த மருந்துகள் கிருமியைக் கொல்லாமல் அடக்கி மட்டும் வைத்திருக்கும். அந்த நேரத்தில் சோதித்தால், ஒளிந்திருக்கும் கிருமி கண்ணில் படாமல் ‘நெகட்டிவ்’ என்று வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். ஜூன் 1-ஆம் தேதி மாத்திரை தொடங்கிய ஒருவருக்கு ஜூன் 14-ஆம் தேதி இரவோடு பதினான்கு நாள் முடிகிறது. நான்கு வாரக் கணக்குப்படி ஜூலை 12-க்கு முன்பு அவர் பரிசோதனைக்குப் போகக் கூடாது. ஆனால் புண் ஆறுவதற்காக மருத்துவர் பான்டோபிரசோலை மட்டும் ஜூலை 10 வரை தொடரச் சொல்லியிருந்தால், இரண்டு வாரக் கணக்கு அங்கிருந்து தொடங்கும். அவர் ஜூலை 24-ஆம் தேதிக்குப் பிறகுதான் போக வேண்டும். இரண்டு கணக்கில் எது பிந்தியதோ அதுவே நாள். தாமதமாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு மாதம் பிந்திப் போனாலும் முடிவு கெடாது, முந்திப் போனால்தான் கெடும்.

இடையில் தொண்டை வலி, பல் வலி, சிறுநீர்க் கடுப்பு என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய அசித்ரோமைசினோ வேறொரு ஆன்டிபயாடிக்கோ சாப்பிட்டிருந்தால், நான்கு வாரத்தை அன்றிலிருந்து மறுபடியும் எண்ண வேண்டும். எச்.பைலோரிக்காகச் சாப்பிட்டது அல்லவே என்று பலர் இதை லேபில் சொல்வதேயில்லை. ‘கேஸ் மாத்திரை’ என்று தினமும் காலையில் வெறும் வயிற்றில் பழக்கமாகப் போட்டுக்கொள்வதும் பெரும்பாலும் அந்தப் ‘பிரசோல்’ வகைதான்; சர்க்கரை மாத்திரையோடும் மூட்டுவலி மாத்திரையோடும் சேர்த்து எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். வீட்டிலுள்ள அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

அந்த இரண்டு வாரம் நெஞ்செரிச்சல் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. ஜெலுசில் போன்ற அமிலமுறி மருந்துகளைக் குடிக்கலாம். ஃபாமோடிடின் வகை மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தால், பரிசோதனைக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு அதையும் நிறுத்திவிட வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: இதய நோய்க்காக ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுகிறவர்களும், முன்பு புண்ணில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களும், தாங்களாகவே பான்டோபிரசோலை நிறுத்தக் கூடாது. அதை நிறுத்தலாமா, எத்தனை நாள் நிறுத்தலாம் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். நிறுத்தவே முடியாதவர்களுக்கு மாத்திரையோடேயே பரிசோதித்து, ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் நம்பலாம். ‘நெகட்டிவ்’ என்று வந்தால் மட்டும் அதை முழுதாக நம்ப இயலாது.

மூச்சுப் பரிசோதனை

இதுவே மிகவும் நம்பகமானது. எச்.பைலோரி யூரியேஸ் என்னும் நொதியைச் சுரந்து, யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. அடையாளமிட்ட கார்பன் கொண்ட யூரியாவை விழுங்கச் செய்து, சிறிது நேரத்தில் மூச்சில் அந்தக் கார்பன் வெளிவருகிறதா என்று பார்த்தால், உயிருள்ள கிருமி இப்போது உள்ளே வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். கார்பன் 13 வகையில் முதலில் ஒரு பையில் மூச்சை ஊதி வாங்கிக்கொள்வார்கள். பிறகு யூரியா கரைத்த, சற்றுப் புளிப்பான பானத்தைக் குடிக்கச் சொல்லி, இருபது முப்பது நிமிடம் அசையாமல் உட்கார வைத்து, இரண்டாவது பையில் ஊதச் சொல்வார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே முடிவு. கார்பன் 14 வகையில் ஒரு சிறு மாத்திரையை விழுங்க வேண்டும்; பத்து நிமிடம் கழித்து ஊத வேண்டும். சில இடங்களில் நிறமுள்ள ஒரு திரவத்துக்குள் குழாய் வழியாக ஊதச் சொல்வார்கள், நிறம் மறையும் வரை ஊதினால் போதும். கார்பன் 14-இல் கதிர்வீச்சு உண்டு என்றாலும் அது மிகக் குறைவு, இயற்கையாக ஒரு நாளில் நம் உடம்பு வாங்கிக்கொள்ளும் அளவுதான். இருப்பினும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதைத் தவிர்த்துக் கார்பன் 13-ஐயே தேர்ந்தெடுக்க வேண்டும்.

முந்தின இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் உண்ணாமல், காலையில் காப்பி, வெற்றிலை பாக்கு, பீடி, சிகரெட் எதையும் தொடாமல் போக வேண்டும். வாயிலும் யூரியாவை உடைக்கும் வேறு பாக்டீரியாக்கள் இருப்பதால் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, மாத்திரையைக் கடிக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். கடித்துவிட்டால் இல்லாத கிருமி இருப்பதாகக் காட்டிவிடக்கூடும், அதைச் செய்பவரிடம் உடனே சொல்லிவிடுங்கள். இந்தப் பரிசோதனை எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. ராதாபுரத்திலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ வெறும் வயிற்றோடு விடிகாலையில் பஸ் ஏறுவதற்கு முன்பு, திருநெல்வேலியில் எங்கே செய்கிறார்கள், எந்தக் கிழமைகளில் செய்கிறார்கள், எந்தக் கார்பன் என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

மலத்தில் ஆன்டிஜென்

மூச்சுப் பரிசோதனை கிடைக்காத இடத்தில் இதுவே சரியான மாற்று. செலவும் பொதுவாகக் குறைவு. ஆன்டிஜென் எனப்படும் கிருமியின் புரதத் துணுக்குகள் மலத்தில் இருக்கின்றனவா என்று இது நேரடியாகத் தேடுகிறது. கூச்சத்தால் பலர் இதை ஒதுக்கிவிட்டு ரத்தத்தைக் கொடுக்க முன்வருகிறார்கள், அந்தக் கூச்சத்தை விட்டுவிடத்தான் வேண்டும். லேபில் கேட்கும்போது ‘ஸ்டூல் டெஸ்ட்’ என்று மொட்டையாகச் சொன்னால் ‘ஸ்டூல் ரொட்டீன்’ எனப்படும் பூச்சி முட்டைப் பரிசோதனையையோ, மறைந்த ரத்தம் பார்க்கும் பரிசோதனையையோ செய்துவிடுவார்கள். ‘எச்.பைலோரி ஸ்டூல் ஆன்டிஜென்’ என்று முழுப்பெயரும் சீட்டில் இருக்கட்டும். எலைசா முறையா, கார்டு முறையா என்றும் கேளுங்கள். கார்டில் கோடு விழுவதைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் உடனடி முறையைவிட, மோனோகுளோனல் ஆன்டிபாடி கொண்டு செய்யும் எலைசா வகை நம்பகமானது. மாதிரியை வெளியூருக்கு அனுப்ப வேண்டியிருந்தால் இரண்டொரு நாள் கூடுதலாக ஆகும். அந்தத் தாமதம் பொருட்படுத்த வேண்டியதல்ல.

லேபில் கொடுக்கும் டப்பாவில், சிறுநீரோ கழிப்பறைத் தண்ணீரோ படாமல், சிறு நெல்லிக்காய் அளவு எடுத்தால் போதும். தண்ணீராகப் போகிற நாளில் எடுக்க வேண்டாம், முடிவு பிசகும். வெயில்தான் இங்கே பெரிய பிரச்சினை. சித்திரை வைகாசியில் நாங்குநேரியிலிருந்து பஸ்ஸில் பையில் வெந்துகொண்டு வரும் மாதிரியை நம்புவது கடினம். வீட்டில் எடுத்தால் உடனே மூடி, இன்னொரு உறையிலும் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுவர வேண்டும். அதைவிட எளிது, காலையிலேயே லேபுக்கு வந்து அங்குள்ள கழிப்பறையில் எடுத்துக் கொடுத்துவிடுவது.

இரைப்பைப் புண் இருந்தவர்களுக்கு அது ஆறிவிட்டதா என்று பார்க்க எப்படியும் எண்டோஸ்கோபி செய்ய வேண்டியிருக்கும். அப்போதே இரைப்பையின் அடிப்பகுதியிலிருந்தும் நடுப்பகுதியிலிருந்தும் சிறு சதைத் துணுக்குகள் எடுத்துச் சோதிக்கச் சொன்னால் தனிப் பரிசோதனை வேண்டியதில்லை. மேலே சொன்ன நாள் கணக்கு அதற்கும் பொருந்தும். கிருமியைத் தேடுவதற்காக மட்டும் எண்டோஸ்கோபி செய்ய வேண்டியதில்லை.

ரிப்போர்ட்டை வாசிப்பது

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்ற சொல்லைத் தேடுவதற்கு முன்பு, மேல்பகுதியில் மாதிரி என்று குறிப்பிட்டிருக்கும் வரியைப் பாருங்கள். அங்கே ‘சீரம்’ அல்லது ‘பிளாஸ்மா’ என்று இருந்தால், பரிசோதனையின் பெயரில் ‘ஐஜிஜி’ அல்லது ‘ஆன்டிபாடி’ என்று இருந்தால், அது ரத்தப் பரிசோதனை. கீழே எந்த எண் இருந்தாலும் சிகிச்சையின் பலனுக்கு அது பதிலல்ல. ‘ஸ்டூல்’ என்றும் ‘ஆன்டிஜென்’ என்றும் இருந்தால் சரியான தாள். ஆன்டிபாடி, ஆன்டிஜென் என்ற இரண்டு பெயர்களும் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பதால் தொலைபேசியில் கேட்டுச் சொல்பவர்கள் மாற்றிச் சொல்லிவிடுவதுண்டு. தாளை நேரில் பார்த்துவிடுங்கள். மூச்சுப் பரிசோதனைத் தாளில் எண்ணும் அதற்குப் பக்கத்தில் அந்த லேபின் எல்லை எண்ணும் இருக்கும். எல்லைக்கு வெகு அருகில் விழுந்த முடிவை வைத்து மாத்திரை தொடங்க வேண்டாம், சில வாரம் கழித்து மீண்டும் செய்யச் சொல்வார்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு இந்தக் கட்டத்தில் வேறொரு வேலை உண்டு. புண்ணால் ரத்தம் போய், அல்லது கிருமியால் இரும்புச் சத்தும் பி12 சத்தும் சேராமல், ரத்தசோகை வந்தவர்களுக்கு ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12 ஆகியவற்றைச் சில மாதம் கழித்துப் பார்ப்பது நல்லது. தட்டணுக்கள் குறையும் ஐடிபி என்னும் நோய் இருந்த சிலருக்குக் கிருமி ஒழிந்ததும் அந்த எண்ணிக்கை ஏறுவதும் உண்டு. இவை உடம்பு தேறிவருவதைக் காட்டும். கிருமி போனதை உறுதிசெய்யா. பிஸ்மத் மாத்திரையாலும் இரும்பு மாத்திரையாலும் மலம் கறுப்பது இயல்பு என்றாலும், தார் போல ஒட்டிக்கொள்ளும் நாற்றமான கறுப்பு மலமும் தலைச்சுற்றலும் சேர்ந்து வந்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, எந்தப் பரிசோதனைக்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

உரிய நாளில் செய்த மூச்சுப் பரிசோதனையோ மல ஆன்டிஜெனோ ‘நெகட்டிவ்’ என்றால் கிருமிக் கதை முடிந்தது. வருடா வருடம் திரும்பப் பார்க்கத் தேவையில்லை. பிறகு வேறொரு காரணத்துக்காக யாராவது ரத்தத்தில் எச்.பைலோரி பார்த்து ‘இருக்கிறது’ என்று சொன்னால், இந்தத் தாளை எடுத்துக் காட்டுங்கள்.

‘பாசிட்டிவ்’ என்றால் அதே மாத்திரைப் பெட்டியை மறுபடி வாங்கக் கூடாது. முதல் முறை சாப்பிட்ட கிளாரித்ரோமைசினையோ லீவோஃப்ளாக்சசினையோ விட்டுவிட்டு வேறு கூட்டு மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். முதல் முறை பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் அடங்கிய நால்மருந்து முறை கொடுக்கப்படவில்லையென்றால் பெரும்பாலும் அதுவே அடுத்தது. இதற்காகவே பழைய அட்டையையும் சீட்டையும் வீசாமல் வைத்திருக்க வேண்டும், ‘வெள்ளையாக ஒன்று, மஞ்சளாக ஒன்று’ என்றால் யாருக்கும் விளங்காது. எத்தனை நாள் சாப்பிட்டீர்கள், இடையில் எத்தனை வேளை விட்டுப்போனது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு பெட்டியில் ஏழு நாள் மருந்து மட்டுமே அடங்கிய கிட்களும் உண்டு. ஒரு பெட்டி தீர்ந்ததும் சிகிச்சை முடிந்தது என்று எண்ணி நிறுத்தியவர்களுக்குத் தோல்வியின் காரணம் அங்கேயே இருக்கலாம். இரண்டாவது முறை மாத்திரை தொடங்கும் அன்றே, கடைசி மாத்திரைத் தேதியிலிருந்து நான்கு வாரம் எண்ணி, அடுத்த பரிசோதனைக்கான தேதியை அந்தச் சீட்டிலேயே எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.